"இளைஞனே, மேற்கே போ": அமெரிக்க எல்லைப்புறம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை கிடைக்காமல் ஊரில் தவிக்கும் பிள்ளைக்குப் பெரியவர்கள் சொல்வது எந்த நாட்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான்: வெளியே போய்ப் பிழைத்துக்கொள். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில், குடியேற்றம் மேற்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்த எல்லைப்புறத்தைக் காட்டி, அது "மேற்கே போ" என்று இருந்தது. அமெரிக்க வரலாற்றை விரும்பிப் படிப்பவன் என்பதால் மாணவர்கள் என்னிடம் இதைப் பற்றி நிறையக் கேட்டிருக்கிறார்கள். மேடைப் பேச்சில் வரும் ஒரு பொன்மொழியாகத்தான் பலருக்கும் அது அறிமுகம். அதை நம்பி வண்டி கட்டியவர்களுக்கு என்ன நடந்தது என்று தெரிந்தால்தான் அந்தச் சொல்லின் எடை புரியும். அவர்கள் கேட்டவற்றையும் என் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

இதைச் சொன்னது யார்?

ஹொரேஸ் கிரீலி என்பார்கள். 1841இல் நியூயார்க் டிரிபியூன் நாளிதழைத் தொடங்கியவர். அன்றைய அமெரிக்காவில் அவர் எழுத்தை நம்பிய விவசாயக் குடும்பங்கள் ஏராளம். "இளைஞனே, மேற்கே போ, நாட்டோடு சேர்ந்து நீயும் வளர்" என்று 1865 ஜூலை 13 இதழில் அவர் எழுதியதாகப் பல நூல்களில் பார்க்கலாம். ஆனால் அந்தத் தேதி இதழில் அப்படி ஒரு வரி இல்லை. இண்டியானா மாநிலத்தின் ஜான் சோல் என்ற பத்திரிகையாளர் 1851இலேயே எழுதிவிட்டார் என்றும் ஒரு கதை உண்டு. தேடிப் பார்த்தவர்களுக்கு அங்கேயும் அது கிடைக்கவில்லை.

வரி யாருடையதாக இருந்தாலும் கருத்து கிரீலியுடையதுதான். டிரிபியூனுக்கு முன்பு அவர் நடத்திய வார இதழில், 1838இலேயே, வாழ்க்கையைத் தொடங்கும் இளைஞனுக்கு நாங்கள் வெளிப்படையாகச் சொல்வது மேற்கே போ என்பதுதான், அங்கே உன் திறமைக்கு மதிப்பும் உழைப்புக்குப் பலனும் உண்டு என்ற பொருளில் எழுதியிருக்கிறார். ஜோசையா கிரினெல் என்ற இளம் பாதிரியார், கிரீலி தன்னிடம் நேரிலேயே இதைச் சொன்னதாகப் பிற்காலத்தில் எழுதினார். கிரினெல் அயோவாவுக்குப் போய் 1854இல் உருவாக்கிய ஊர் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது.

கிரீலி ஏன் இதை விடாமல் சொன்னார்?

பசியைப் பார்த்தவர் அவர். அப்பா கடன்பட்டு நியூ ஹாம்ப்ஷயரில் இருந்த நிலத்தை இழந்தார். பையன் வெர்மான்ட்டில் ஓர் அச்சகத்தில் எடுபிடியாகச் சேர்ந்து எழுத்துக் கோக்கக் கற்றான். 1837இல் வங்கிகள் நொடித்து நியூயார்க்கில் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தபோது அந்தக் குளிர்காலத்தைக் கண்ணெதிரே பார்த்தார். நகரத்தில் ஒரு வேலைக்கு நூறு பேர் நிற்கும்போது மேற்கே நிலம் சும்மா கிடக்கிறதே என்பதுதான் அவர் ஆதங்கம். கொஞ்சம் பேர் நகரத்தை விட்டுப் போனால் மிஞ்சியவர்களுக்குக் கூலி உயரும் என்று கணக்குப் போட்டார். அவர் மனசாட்சியோடுதான் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அவரே மேற்கே போனாரா?

குடியேறப் போகவில்லை. இதை நான் எல்லா மாணவர்களிடமும் சொல்வேன். அவருடைய பெற்றோர் பென்சில்வேனியாவின் மேற்குக் கோடிக்குக் குடிபெயர்ந்தார்கள். அவரும் அந்தப் பக்கத்தில் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு, 1831இல், இருபது வயதில், கையில் சுமார் பத்து டாலரோடு நேர் எதிர்த்திசையில் நியூயார்க்குக்கு வந்தார். அவர் வாழ்வு மலர்ந்தது கிழக்கில்.

1859இல் மேற்கைப் பார்க்கப் பயணம் போனார். குதிரை வண்டியில் சமவெளிகளையும் மலைகளையும் கடந்து கலிபோர்னியா வரை சென்றார். வழியில் இன்றைய கொலராடோவில் தங்கம் கிடைப்பதாகப் பெரும் பரபரப்பு. அவரும் வேறு இரண்டு பத்திரிகையாளர்களும் சுரங்கங்களுக்கே போய்ப் பார்த்து ஓர் அறிக்கை எழுதினார்கள். தங்கம் இருப்பது உண்மை, ஆனால் முன்னேற்பாடு இல்லாமல் கூட்டமாக ஓடிவராதீர்கள் என்று அதில் எச்சரித்திருந்தார்கள். நேரில் பார்த்த பிறகு அறிவுரையோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்துகொண்டது. பின்னால் வந்தவர்கள் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டார்கள்.

இது நம் "திரைகடல் ஓடியும் திரவியம் தேடு" மாதிரிதானே?

ஓரளவுக்கு. கொன்றை வேந்தன் சொல்வது பொருள் தேடும் பயணம். போனவர் திரும்பி வரலாம். மேற்கே போனவர்கள் நிலத்தில் வேரூன்றப் போனார்கள். பெரும்பாலானோர் பெற்றவர்களை மறுபடி பார்க்கவே இல்லை. தவிர, அந்த நிலத்தில் ஏற்கெனவே மக்கள் இருந்தார்கள். அதைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

நிலம் இலவசமாகக் கொடுத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. ஆபிரகாம் லிங்கன் 1862 மே 20 அன்று கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டப்படி 21 வயது நிரம்பியவரோ ஒரு குடும்பத்தின் தலைவரோ 160 ஏக்கருக்கு விண்ணப்பிக்கலாம். குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது குடியுரிமை பெறும் எண்ணத்தைப் பதிவு செய்திருக்க வேண்டும். அமெரிக்க அரசுக்கு எதிராக ஆயுதம் தூக்கியவராக இருக்கக் கூடாது. ஐந்து ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து, வீடு கட்டி, உழுது பயிரிட்டுக் காட்டினால் பட்டா கிடைக்கும். எல்லாக் கட்டணமும் சேர்த்து 18 டாலர். சட்டம் அமலுக்கு வந்த 1863 ஜனவரி 1 அன்றே டேனியல் ஃப்ரீமேன் என்பவர் நெப்ராஸ்காவில் பதிவு செய்துவிட்டார்.

இலவசம் என்ற சொல் அங்கேயே முடிந்துவிடுகிறது. உழ எருதுகள் வேண்டும். வேர்கள் பின்னிக் கிடந்த புல்வெளி மண்ணைக் கிழிக்க எஃகுக் கலப்பை வேண்டும். கிணறு, விதை, வண்டி, முதல் அறுவடை வரை சாப்பாடு எல்லாம் சேர்த்தால் பல நூறு டாலர் ஆகும். ஆயிரத்தை எட்டினாலும் ஆச்சரியமில்லை. கூலிக்காரருக்கு நாளொன்றுக்கு ஒரு டாலர் கிடைத்த காலம் அது. நியூயார்க் ஆலையில் வேலை இழந்தவனிடம் அந்தப் பணம் எப்படி இருக்கும்? கிரீலி யாருக்காக உருகினாரோ அவர்களால்தான் போக முடியவில்லை. போனவர்களில் பெரும்பாலோர் பக்கத்து மாநில விவசாயிகளின் பிள்ளைகளும், ஐரோப்பாவிலிருந்து கொஞ்சம் காசோடு வந்த குடும்பங்களும்தான்.

மோசடியும் நடந்தது. ஆறு மாதம் குடியிருந்துவிட்டு ஏக்கருக்கு 1.25 டாலர் கட்டினால் உடனே பட்டா வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு வழி இருந்தது. கூலிக்கு ஆள் பிடித்து விண்ணப்பம் போட வைத்து, மாட்டுப் பண்ணைக்காரர்களும் மர வியாபாரிகளும் நிலத்தை வளைத்தார்கள். "12க்கு 14 வீடு கட்டியாயிற்று" என்று சத்தியம் செய்துவிட்டு, அடியா அங்குலமா என்று சொல்லாமல் விட்டவர்களும் உண்டு. இதற்கிடையே ரயில் கம்பெனிகளுக்கு மத்திய அரசு கொடுத்த நிலமே சுமார் 13 கோடி ஏக்கர். தண்டவாளத்தை ஒட்டிய நல்ல நிலம் பலவும் அவர்களிடம் போனதால், இலவச நிலம் சந்தையிலிருந்து தள்ளி இருந்தது.

இவ்வளவையும் தாண்டிக் கடைசியில் பட்டா வாங்கியவர்கள் சுமார் 16 லட்சம் பேர், நிலம் 27 கோடி ஏக்கர். பதிவு செய்துவிட்டுப் பட்டா கைக்கு வரும் முன்பே விட்டுப் போனவர்களும் பெரிய எண்ணிக்கை.

160 ஏக்கர் பெரிய நிலமாயிற்றே, ஏன் போதவில்லை?

நம் ஊர்க் கணக்கில் 160 ஏக்கர் வைத்திருப்பவர் பெரிய பண்ணையார். ஆனால் நிலத்தின் மதிப்பைத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. இதை மானாவாரி விவசாயம் செய்த எந்தக் குடும்பத்துக்கும் விளக்கத் தேவையில்லை.

அமெரிக்காவின் நடுவே வடக்கு தெற்காக ஓடும் 100 பாகைத் தீர்க்கரேகையை நினைத்துக்கொள்ளுங்கள். டகோட்டா, நெப்ராஸ்கா, கான்சாஸ் மாநிலங்களை அது வெட்டிக்கொண்டு போகிறது. அதற்கு மேற்கே பெரும்பாலும் ஆண்டு மழை 20 அங்குலத்துக்குக் குறைவு. சட்டம் எழுதியவர்கள் கிழக்கத்திய ஈர நிலத்தை மனதில் வைத்து 160 என்று எழுதினார்கள். அந்தக் கோட்டைத் தாண்டினால் அது பாசனப் பயிருக்கு அதிகம், மேய்ச்சலுக்கோ மிகக் குறைவு.

ஜான் வெஸ்லி பவல் என்ற நிலவியலாளர் இதைத் தெளிவாகச் சொன்னார். உள்நாட்டுப் போரில் வலது கையை இழந்தவர். அந்த ஒற்றைக் கையோடு 1869இல் கொலராடோ ஆற்றின் பள்ளத்தாக்குகள் வழியே படகில் போனவர். 1878இல் அரசுக்குக் கொடுத்த அறிக்கையில், வறண்ட பகுதியில் பாசன நிலம் 80 ஏக்கர் போதும், மேய்ச்சல் பண்ணைக்கு 2,560 ஏக்கர் வேண்டும், நிலத்தைக் கட்டம் போட்டுப் பிரிக்காமல் தண்ணீர் கிடைக்கும் இடத்தைப் பார்த்துப் பிரியுங்கள் என்றார். யாரும் கேட்கவில்லை. ஏர் போகும் இடத்துக்கு மழை பின்னாலேயே வரும், உழுதால் வானிலையே மாறும் என்று அப்போது சில அறிஞர்களே எழுதிக்கொண்டிருந்தார்கள். நிலம் விற்றவர்களுக்கு அது தேன் மாதிரி இனித்தது. 1870களின் கடைசியிலும் 80களின் தொடக்கத்திலும் தற்செயலாக நல்ல மழை பெய்ததால் மக்களும் நம்பினார்கள். அப்புறம் வறட்சி வந்தது. 1880களின் இறுதியிலிருந்து மேற்கு கான்சாஸில் ஊர் ஊராகக் காலியானது. 1893இல் லாஸ் ஏஞ்சல்ஸில் நடந்த பாசன மாநாட்டில், இருக்கும் நிலத்துக்கெல்லாம் பாய்ச்சத் தண்ணீர் கிடையாது என்று பவல் எழுந்து சொன்னபோது கூட்டம் கூச்சலிட்டு அவரை அடக்கியது. எனக்கு இந்த வரலாறு முழுவதிலும் மனதுக்கு மிக நெருக்கமான மனிதர் அவர்தான்.

மழை தவறியது மட்டுமா? 1874 கோடையில் வெட்டுக்கிளிக் கூட்டம் வானத்தை மறைத்துக்கொண்டு இறங்கியது. பயிரைத் தின்றது, குதிரைச் சேணத்தின் தோலையும் கொறித்தது. மரம் இல்லாத சமவெளியில் புல்வேரோடு சேர்த்து வெட்டிய மண்கட்டிகளை அடுக்கித்தான் வீடு கட்டினார்கள். மழை பெய்தால் கூரை ஒழுகும். சில சமயம் பாம்பும் விழும். 1888 ஜனவரி 12 அன்று திடீரென்று அடித்த பனிப்புயலில் பள்ளியிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த குழந்தைகள் பலர் வழியிலேயே உறைந்து இறந்தார்கள்.

தங்கம் தேடிப் போனவர்களாவது பணக்காரர்கள் ஆனார்களா?

மிகச் சிலர். 1848 ஜனவரி 24 அன்று கலிபோர்னியாவில் ஜான் சட்டர் என்பவருடைய மர அறுவை ஆலைக் கால்வாயில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத்தைப் பார்த்தார். அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் குவிந்தார்கள். முதலில் வந்தவர்கள் ஆற்று மணலை அரித்தே எடுத்தார்கள். மேலாக இருந்தது தீர்ந்ததும் பெரிய இயந்திரமும் முதலும் உள்ள கம்பெனிகளின் கைக்குத் தொழில் போனது. அரிக்க வந்தவர்கள் அவர்களிடம் கூலிக்கு நின்றார்கள். மார்ஷலும் சட்டரும்கூடச் செல்வத்தோடு சாகவில்லை.

ஜான் ஸ்டூட்பேக்கர் என்ற இளைஞரைப் பற்றிச் சொல்கிறேன். 1853இல் பிளாசர்வில் என்ற சுரங்க ஊருக்கு வந்தார். தங்கம் தேடாமல், சுரங்கக்காரர்களுக்கு ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டி செய்து விற்றார். ஐந்து ஆண்டுகளில் சுமார் 8,000 டாலர் சேர்த்துக்கொண்டு இண்டியானாவுக்குத் திரும்பி, அண்ணன்மார் நடத்திய வண்டிப் பட்டறையில் போட்டார். அது பின்னாளில் கார் கம்பெனியானது. அவரிடம் கையில் தொழில் இருந்தது. போன இடத்தில் என்ன குறைகிறது என்று பார்க்கும் கண்ணும் இருந்தது.

வழிப்பயணம் எவ்வளவு ஆபத்தானது?

மிசௌரி ஆற்றங்கரையிலிருந்து ஆரகன் வரை சுமார் 2,000 மைல். கூண்டு வண்டியில் ஐந்தாறு மாதம். வண்டியில் சாமான் இருக்கும், மனிதர்கள் பெரும்பாலும் நடப்பார்கள். சினிமாவில் காட்டுவதுபோல் அம்புபட்டுச் செத்தவர்களைவிடக் காலராவில் செத்தவர்கள் பல மடங்கு. ஆற்றைக் கடக்கும்போது மூழ்கியவர்களும், சக்கரத்தில் சிக்கிய குழந்தைகளும் அடுத்தபடி.

மோசமான அறிவுரை எப்படிக் கொல்லும் என்பதற்குக் கலிபோர்னியாவுக்குப் புறப்பட்ட டானர் குழு சாட்சி. லான்ஸ்ஃபோர்ட் ஹேஸ்டிங்ஸ் என்பவர் 1845இல் வெளியிட்ட வழிகாட்டி நூலில் ஒரு குறுக்குவழியைப் பரிந்துரைத்தார். எழுதியபோது அந்த வழியில் அவரே போனதில்லை. 1846இல் அதை நம்பி அந்த வழியில் இறங்கிய குழு, பாதையே இல்லாத மலையில் மரம் வெட்டி வழி செய்து, உப்புப் பாலைவனத்தில் மாடுகளை இழந்து, வாரக்கணக்கில் தாமதமாகி சியரா நெவாடா மலையில் பனியில் மாட்டிக்கொண்டது. 87 பேரில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களில் சிலர் இறந்தவர்களின் உடலைத் தின்று உயிர் தாங்கினார்கள். உயிர் தப்பிய வர்ஜீனியா ரீட் என்ற சிறுமி அடுத்த ஆண்டு உறவுக்காரப் பெண்ணுக்கு எழுதிய கடிதத்தில், குறுக்குவழியில் மட்டும் போகவே போகாதே, முடிந்த அளவு வேகமாகப் போய்ச் சேர் என்று எழுதினாள்.

பெண்களும் கறுப்பின மக்களும் போக முடிந்ததா?

திருமணமாகாத பெண்ணும் விதவையும் தன் பெயரிலேயே நிலம் கேட்கலாம். அந்தக் காலத்துக்கு அது பெரிய உரிமை. பல இளம் ஆசிரியைகள் அப்படிப் பட்டா வாங்கியிருக்கிறார்கள். மணமான பெண்ணுக்குப் பொதுவாக அந்த வாய்ப்பு இல்லை.

அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்கள் 1877இல் கான்சாஸில் நிக்கோடிமஸ் என்ற ஊரை அமைத்தார்கள். அடுத்த ஆண்டு கென்டக்கியிலிருந்து வந்த வில்லியானா ஹிக்மன் ஊர் எங்கே என்று கேட்டார். அதோ என்று கணவர் கை காட்டிய இடத்தில் தரையிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மக்கள் நிலத்தைக் குடைந்து அதற்குள் குடியிருந்தார்கள். தான் அழத் தொடங்கியதை அவர் பிற்பாடு நினைவுகூர்ந்தார். முதல் குளிர்காலத்தில் வேட்டையிலிருந்து திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் இறைச்சி கொடுத்துக் காப்பாற்றியதாக அந்த ஊர்க்காரர்கள் சொல்லி வந்திருக்கிறார்கள்.

சென்ட்ரல் பசிபிக் என்ற கம்பெனியின் ரயில் பாதைக்காக மலையைக் குடைந்த சீனத் தொழிலாளர்களுக்கு இந்த வழியும் மூடியிருந்தது. குடியுரிமை பெற அவர்களுக்குச் சட்டத்தில் இடமில்லை, அதனால் ஹோம்ஸ்டெட் நிலமும் இல்லை. 1882இல் சீனத் தொழிலாளர் நாட்டுக்குள் வருவதையே தடுத்தார்கள்.

கிரீலியின் பெயரில் ஒரு நகரம் இருக்கிறதே, அது எப்படி வந்தது?

அவருடைய பத்திரிகையின் வேளாண் ஆசிரியர் நேத்தன் மீக்கர் 1870இல் கொலராடோவில் தொடங்கிய குடியிருப்பு அது. ஆளுக்கு 155 டாலர் போட்டுச் சேர்ந்தார்கள். மதுவுக்குத் தடை. எல்லோரும் சேர்ந்து பூட்ர் ஆற்றிலிருந்து வாய்க்கால் வெட்டினார்கள். கிரீலியின் அறிவுரை ஓரளவு பலித்த இடம் இது. தனித்தனியாக ஓடாமல் கூட்டாக வந்தார்கள், முதல் இருந்தது, தண்ணீரை முதலில் யோசித்தார்கள். 1874இல் வறட்சி வந்து மேல்மடை ஊர்க்காரர்கள் தண்ணீரை எடுத்துக்கொண்டபோது பெரிய தகராறானது. முதலில் பயன்படுத்தியவருக்கே முதல் உரிமை என்ற விதி 1876இல் கொலராடோ அரசியல் சட்டத்தில் ஏறியதற்கு அந்தத் தகராறும் ஒரு காரணம்.

அந்த நிலம் யாருடையது?

இந்தக் கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டும். சும்மா கிடந்த நிலம் என்று கிரீலி நினைத்தது லக்கோட்டா, செயென், யூட், பானி என்று எத்தனையோ பழங்குடி மக்கள் வேட்டையாடியும் பயிரிட்டும் வாழ்ந்த நிலம். கலிபோர்னியாவில் 1848இல் சுமார் 1.5 லட்சமாக இருந்த பழங்குடி மக்கள் 1870க்குள் 30,000 ஆனார்கள். நோயும் பட்டினியும் மட்டும் இதற்குக் காரணமில்லை; ஆள் சேர்த்துக்கொண்டு போய்க் கொன்றார்கள், அதற்கு மாநில அரசே பணம் கொடுத்தது.

1868 ஒப்பந்தத்தில் பிளாக் ஹில்ஸ் மலைகள் லக்கோட்டா மக்களுக்கு என்று அமெரிக்க அரசு எழுதிக் கொடுத்தது. 1874இல் அங்கே தங்கம் தெரிந்தது. 1877இல் நாடாளுமன்றம் மலைகளை எடுத்துக்கொண்டது. 1887இல் வந்த டாஸ் சட்டம் பழங்குடிகளின் பொது நிலத்தைத் தனித்தனித் துண்டுகளாக்கி, மீதியை வெளியாருக்குத் திறந்துவிட்டது. அப்போது அவர்களிடம் இருந்த 13.8 கோடி ஏக்கர் 1934க்குள் 4.8 கோடியானது.

மேலே சொன்ன மீக்கர் பிறகு யூட் மக்களுக்கான அரசு முகவரானார். அவர்களை உழவர்களாக மாற்றியே தீருவேன் என்று குதிரைகள் மேயும் நிலத்தை ஏர் விட்டு உழச் சொன்னார். பகை முற்றி 1879இல் அவரும் ஊழியர்களும் கொல்லப்பட்டார்கள். அதைக் காரணம் காட்டி, அந்தப் பகுதி யூட் மக்களை 1881இல் யூட்டாவுக்கு விரட்டிவிட்டு நிலத்தைக் குடியேறிகளுக்குத் திறந்தார்கள்.

பிளாக் ஹில்ஸ் பறிக்கப்பட்டது தவறு என்று 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டு, வட்டியோடு 10 கோடி டாலருக்கு மேல் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. லக்கோட்டா மக்கள் வாங்க மறுத்துவிட்டார்கள். நிலம்தான் வேண்டும் என்கிறார்கள்.

நகரத்து ஏழைகளுக்கு மேற்கு வழி திறந்ததா, இல்லையா?

கிரீலி எதிர்பார்த்தபடி இல்லை. நகரத் தொழிலாளி ஒருவர் நிலத்துக்குப் போனால், விவசாயக் குடும்பத்தினர் இருபது பேர் நகரத்துக்கு வந்தார்கள் என்று ஃப்ரெட் ஷானன் என்ற வரலாற்றாசிரியர் 1945இல் மதிப்பிட்டார். மேற்கின் பெரிய வாய்ப்பு நகரமாகத்தான் வளர்ந்தது. 1840இல் 5,000 பேர்கூட இல்லாத சிகாகோ 1890இல் 10 லட்சத்தைத் தாண்டியது. கோதுமையும் மாடும் மரமும் அங்கே வந்து இறங்க, அங்கே வேலை பெருகியது.

எல்லைப்புறம் எப்போது முடிந்தது?

1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்போடு, குடியேறிய பகுதியையும் குடியேறாத பகுதியையும் பிரித்த தொடர்ச்சியான எல்லைக்கோடு மறைந்துவிட்டது என்று அறிவித்தார்கள். ஆனால் ஹோம்ஸ்டெட் நிலத்தில் பெரும்பகுதி 1900க்குப் பிறகுதான் பட்டாவானது. மான்டானாவின் வறண்ட நிலங்களுக்குக்கூட அப்போது ஆட்கள் போனார்கள். 1976இல் சட்டம் நீக்கப்பட்டது, அலாஸ்காவுக்கு மட்டும் 1986 வரை விட்டுவைத்தார்கள். வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ஒருவர் அங்கே ஸ்டோனி ஆற்றங்கரையில் 80 ஏக்கர் கேட்டு, காட்டில் வீடு கட்டிக் குடும்பத்தோடு வாழ்ந்தார். அவருக்கு 1988இல் கிடைத்ததுதான் அந்தச் சட்டத்தின் கடைசிப் பட்டா.